இரங்கல் சொன்ன கல்யாணப் பூக்கள்

அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு. அந்த வாரம் இரண்டும் போதவில்லை. ஐந்தாம் மாடிக்குத் தலைப்பானந்தர் வந்திருந்தார்.

அவர் இணையதளங்களுக்குத் தோஷம் கழிப்பவர். முன்பு என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பலிக்காதாம். படிக்கட்டு நெடுக மனிதர்கள் நின்றார்கள், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வந்தவர்கள் மாதிரி மடிக்கணினியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. எல்லோரும் பொறியியல் படித்தவர்கள். அதனால் வரிசை ஒழுங்காக இருந்தது.

"எங்க சைட்டுக்கு ஆளே வரமாட்டேங்குது, சாமி."

"தலைப்புல எத்தனை எழுத்து?"

"பதினேழு."

"அப்புறம் எப்படிய்யா வரும்?"

கூட்டம் சிலிர்த்தது. பதினேழு என்ன பாவம் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சாமி ஓர் எழுத்தைக் குறைத்தார். திரைக்குப் பின்னால் ஒரு செப்புத் தகட்டை ஒட்டினார். அடுத்தவர் வந்தார்.

சாமியின் தலைக்கு மேல், கூட்ட அறைச் சுவரில் பெரிய திரை. அதில் அவருடைய சொந்தத் தளம். படத்தில் அவருக்கு ஒளிவட்டம் இருந்தது. நேரில் இல்லை.

ஐந்தாம் மாடி ஒரு பூக்கடையின் அலுவலகம். பூக்கள் வேறெங்கோ குளிர் அறையில் இருந்தன. இங்கே இணையதளம் மட்டும். முதலாளியம்மா நடத்தினார். தளத்தைக் கட்டியவர் அவருடைய தம்பி. சாமியைக் கூட்டி வந்தவரும் தம்பிதான்.

காரணம் இருந்தது. மணப்பெண்ணின் அம்மா ஒருவர் அந்தத் தளத்தில் கல்யாணப் பூக்களைப் பார்த்தார். பிடித்திருந்தது. 'பகிர்' பொத்தானை அழுத்தி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பொத்தான், பக்கத்தின் உச்சியில் இருக்கும் தலைப்பையும் கூடவே இருக்கும் விவரத்தையும் அப்படியே எடுத்து அனுப்பும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது இது:

ஆழ்ந்த இரங்கலுடன் – அனுதாப மலர்கள். உங்கள் துயரில் நாங்களும் பங்கெடுக்கிறோம்.

கீழே மணமாலையின் படம்.

சம்பந்தியம்மாள் மயங்கி விழவில்லை. விழுந்திருந்தால் தேவலை. போனை எடுத்துப் பேசினார்.

இதே கோளாறை முதலில் கண்டவர் அலுவலகத்தின் டெஸ்டர். பக்கங்களைத் திறந்து பார்த்துக் குறை எழுதுவது அவர் வேலை. ஆறு மாதம் அலைந்து கிடைத்த வேலை. வெள்ளிக்கிழமை நிரந்தரம் ஆக வேண்டும். நான்கு முறை எழுதிக் கொடுத்தார்: எல்லாப் பக்கத்திலும் இரங்கல் தலைப்பு வருகிறது.

தம்பி நான்கு முறையும் ஒரே பதில் சொன்னார். "என் மெஷின்ல சரியாத்தான் வருது."

உண்மைதான். தம்பி திறந்தால் 'கொண்டாடுங்கள்!' என்று வந்தது. முதலாளியம்மா திறந்தாலும் அதுதான். டெஸ்டர் திறந்தால் மட்டும் இரங்கல்.

புதன்கிழமை கூட்டத்துக்கு நடுவில் சாமி சோதித்தார். டெஸ்டரைத் திறக்கச் சொன்னார். மணவிழாப் பக்கத்தில் இரங்கல் வந்தது. சாமி கை கழுவினார். கிழக்கே திரும்பினார். பிரவுசரை மூடச் சொன்னார். தலைப்பை ஒன்பது முறை பின்னாலிருந்து சொன்னார். தம்பியிடம் அதே மெஷினில் மணவிழாப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார்.

கொண்டாடுங்கள்!

கைதட்டல். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் டேட்டாபேஸ் நிபுணர்.

"பக்கத்துல கோளாறு இல்லம்மா," என்றார் சாமி, முதலாளியம்மாவிடம். "தொடுற கையில. இந்தப் பொண்ணுக்குக் கைராசி இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த நாற்காலி காலியாகணும். அதோட ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தகடு."

"நான் அப்பவே நினைச்சேன்கா," என்றார் தம்பி. அவர் அப்போது நினைத்தது வேறு. நான்கு குறைகளையும் இனிப் படிக்க வேண்டாம் என்று.

டெஸ்டர் நாற்காலிக்குத் திரும்பினார். அழுவார் என்று பக்கத்து மேசைக்காரி கைக்குட்டை நீட்டினார்.

"வேணாம்மா. ஒரு பேப்பர் இருந்தா குடு."

அவர் ஒன்றை மட்டும் யோசித்தார். நான் எப்படித் திறக்கிறேன், இவர்கள் எப்படித் திறக்கிறார்கள்? இவர்கள் வேண்டிய பக்கத்தை நேராகத் திறக்கிறார்கள். அவரோ தளத்தின் பக்கப் பட்டியலில் உள்ள வரிசைப்படி போகிறார். பட்டியல் அகர வரிசை. முதலில் 'அனுதாபம்'. அடுத்து 'ஆண்டுவிழா'. கடைசியில் 'மணவிழா'. இரண்டு மாதமாக அவருடைய காலைப்பொழுது அனுதாபத்தில்தான் தொடங்கியது.

தலைகீழாகப் போனார். மணவிழா சரி. பிறந்தநாள் சரி. ஆண்டுவிழா சரி. கடைசியில் அனுதாபம். திரும்ப மணவிழா.

இரங்கல்.

டெஸ்டர் சிரித்தார். பக்கத்து மேசைக்காரி கைக்குட்டையை மறுபடி நீட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. கூட்ட அறை நிரம்பி வழிந்தது. மேல் மாடிக்காரர்களும் வந்திருந்தார்கள். ஒருவர் வேலை போவதைப் பார்க்க எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

"போறதுக்கு முன்னாடி ஒரு விண்ணப்பம் மேடம்," என்றார் டெஸ்டர். "சாமி இந்த மெஷினுக்கு முழுசா பரிகாரம் பண்ணட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

சாமி பண்ணினார். இருபது நிமிடம். இரண்டு தகடு.

"தோஷம் போயிடுச்சா?"

"பொடிப்பொடியா."

"அப்ப நான் வெளிய போறேன். என் நிழல்கூட இங்க வேணாம். நீங்களே உங்க கையால முதல்ல 'அனுதாபம்' அழுத்துங்க. அப்புறம் 'மணவிழா' அழுத்துங்க. பிரவுசரை மூடாதீங்க."

கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். குடிநீர் எந்திரத்தின் அருகே நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். கண்ணாடி வழியே எல்லோருக்கும் தெரிந்தது.

சாமி அழுத்தினார். ஒன்று. இரண்டு.

ஆழ்ந்த இரங்கலுடன்.

சாமி தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"பெரிய தோஷம்," என்றார் சாமி. "பெரிய தகடு வேணும்."

டெஸ்டர் உள்ளே வந்தார். கை கழுவவில்லை. கிழக்கு எது என்று அவருக்குத் தெரியாது. பிரவுசரை மூடினார். மணவிழாப் பக்கத்தை நேராகத் திறந்தார். கொண்டாடுங்கள்!

"சாமி பரிகாரத்துல பலிச்சது மந்திரம் இல்ல மேடம். மூடித் திறந்தது."

முதலாளியம்மா மணப்பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டு ஒலியைக் கூட்டினார்.

"அன்னைக்கு எங்க சைட்ல முதல்ல என்னங்க பாத்தீங்க?"

"முதல்லயா? பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறிட்டார்ங்க. அவருக்கு ஒரு மலர்வளையம் பாத்தேன். அப்புறந்தான் கல்யாணப் பூ. ஏங்க, அதுவும் தோஷமா?"

"இல்லம்மா. எங்க முட்டாள்தனம்."

முதலாளியம்மா தம்பியைப் பார்த்தார். தம்பி செப்புத் தகட்டைப் பார்த்தார்.

"சொல்லுடா."

"அக்கா... இந்த சைட்ல நிஜத்துல ஒரே பக்கந்தான். உள்ள இருக்கிற துண்டுகதான் மாறும். தலைப்பு மேல ஒரே ஒரு போர்டு மாதிரி. எல்லாத்துக்கும் 'கொண்டாடுங்கள்'னுதான் இருந்துச்சு. துக்க வீட்டுக்காரர் ஒருத்தர் திட்டினார். அதனால அனுதாபத் துண்டு வந்தா மட்டும் போர்டை மாத்துன்னு எழுதினேன்."

"போகும்போது கழட்டச் சொன்னியா?"

"இல்ல."

"மத்த துண்டுகளுக்குச் சொந்தமா போர்டு?"

"எழுதல."

"இதைத்தான் நாலு தடவை எழுதிக் குடுத்தாளா?"

தம்பி உட்கார்ந்து எழுதினார். ஒவ்வொரு துண்டும் வரும்போது தன் தலைப்பையும் விவரத்தையும் தானே சொல்ல வேண்டும். சொல்லாத துண்டுக்குப் பொதுத் தலைப்பு. எல்லாம் ஒரே இடத்தில். பதினோரு நிமிடம் ஆயிற்று. பரிகாரத்தைவிட ஒன்பது நிமிடம் குறைவு.

சாமி பையைக் கட்டினார். "நம்பிக்கை இல்லாத இடத்துல பலிக்காது."

"நம்பிக்கை இருந்தப்பவும் பலிக்கலையே சாமி," என்றார் டேட்டாபேஸ் நிபுணர். அவர் சற்றுக் கோபமாக இருந்தார். கண்ணைத் துடைத்தது நினைவுக்கு வந்திருக்கும்.

டெஸ்டர் சுவரைக் காட்டினார். "போறதுக்கு முன்னாடி உங்க சைட்டையும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க."

எல்லோரும் நிமிர்ந்தார்கள். பெரிய திரை. ஒளிவட்டம். அதற்கு மேலே, பிரவுசரின் உச்சியில், ஆயத்தமாக வாங்கிய வார்ப்புருவோடு வந்த வாசகம் அப்படியே இருந்தது:

இங்கே தலைப்பை எழுதவும்.

முதலில் சிரித்தவர் முதலாளியம்மா. சிரிப்பு படிக்கட்டில் இறங்கித் தரைத்தளம் வரை போனது. சாமியும் இறங்கினார். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை.

அன்று மாலை டெஸ்டரின் வேலை நிரந்தரமானது. தம்பிக்கு ஒரு வேலை கிடைத்தது: எல்லா மெஷினிலிருந்தும் தகடு உரிப்பது.

அந்த வாசகம் மூன்று நாளாகச் சுவரில் இருந்தது. கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் தலைப்பு எழுதிப் பிழைப்பவர்கள். டெஸ்டரைத் தவிர ஒருவர் கண்ணிலும் படவில்லை. தகடு ஒட்டத் திரையின் பின்பக்கம் போகிறவர்களே, போகும் வழியில் முன்பக்கத்தை ஒருமுறை படியுங்கள்.