பன்னிரண்டு வீட்டுப் பந்தயம்

சைக்கிள் பந்தயத்தில் மாரி ஜெயித்தாகிவிட்டது. இனி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வது ஒன்றுதான் பாக்கி. அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குப் பின்பக்கம், சீமைக்கருவேல முள்ளுக்குள் அவன் அன்றைக்கு நாலாவது முறையாக விழுந்து கிடந்தான். சைக்கிள் அவன் மேல் கிடந்தது.

"மிதிக்கச் சொன்னா கண்ண மூடிக்கறியே மாரி! எந்த ஊர்லடா கண்ண மூடிக்கினு சைக்கிள் ஓட்டறான்?" என்று கத்தினார் ரியாசுதீன் பாய். பஜாரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஒரு சைக்கிளை இரவல் கொடுத்த பாவத்துக்கு வாத்தியாராகவும் ஆகியிருந்தார்.

"பயமா கீது பாய்."

"பயப்படறவன் இன்னாத்துக்குப் பந்தயத்துல பேர் குடுத்த?"

"நான் எங்க குடுத்தேன்? சீட்டு வுழுந்துச்சு."

பாய் தலையில் அடித்துக்கொண்டார். பந்தயத்துக்குச் சீட்டுக் குலுக்குவதை அவர் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை.

குப்பத்துக்காரர்களைக் கேட்டால் அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்பார்கள். ஏரியில் இறால் விழுகிற இடம் கொஞ்சம், வலை போடுகிறவர்கள் அதிகம். அடித்துக்கொண்டு சாகாமல் இருக்க, சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று யாருக்குப் பாடோ அவனைத் தாண்டி இன்னொருவன் வலை இறக்க மாட்டான். தலை போகிற அவசரமானாலும் இறக்க மாட்டான். சர்க்கார் ஒரே ஒரு ஐஸ் பெட்டி கொடுத்தபோதும் சீட்டுதான், ஒரே ஒரு தையல் மிஷின் வந்தபோதும் சீட்டுதான்.

இந்த ஒழுங்கான ஊருக்குள்தான் மார்கழி பிறந்ததும் பெரியசாமி வந்து சேர்ந்தார். சென்னையில் பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு சைக்கிள் சங்கத்துக்குச் செயலாளர். ஒட்டிப் பிடித்த டவுசரும் தலையில் ஓடு மாதிரிக் கவிழ்த்த ஹெல்மெட்டுமாக வந்து இறங்கி, கோயில் எதிரில் நின்று பேசினார்.

"டச்சுக்காரங்க நாட்டுல மனுஷங்களை விட சைக்கிள் ஜாஸ்தி. அவங்க இருந்துட்டுப் போன ஊர்ல சைக்கிளுக்கு ஒரு எதிர்காலம் வேணாமா? வர்ற புது வருஷத்துல இந்தப் பொன்னேரி ரோடு இந்தியாவே திரும்பிப் பார்க்கற ரேஸ் ரோடா ஆகணும்!"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ரோட்டின் பள்ளங்களில் விழுந்து எழுந்தவர்களுக்கும் கலங்கியது.

ஜனவரி ஒன்றாம் தேதி, பொன்னேரியிலிருந்து டச்சுக் கல்லறை வாசல் வரைக்கும் பதினெட்டு கிலோமீட்டர். குப்பத்தில் வீட்டுக்கு ஓர் ஆள். முதலில் வருகிறவனுக்குக் கல்லறைப் பக்கத்தில் சங்கம் கட்டியிருக்கும் சைக்கிள் கொட்டகையில் வேலை. மாதச் சம்பளம்.

வேலை ஒன்று, வீடு பன்னிரண்டு. "ஒரு வேலைக்காகப் பன்னெண்டு பேரு நடுரோட்டுல ஒருத்தன ஒருத்தன் முந்திக்கினு ஓடறதா? மானம் போயிடும்டா," என்றார் தலைவர் தருமலிங்கம். யார் ஜெயிப்பது என்று சீட்டுக் குலுக்க எல்லையம்மன் கோயில் வாசலில் குடம் வைத்தார்கள்.

அந்த வேலை மாரிக்கு வேண்டும். ஊரில் வேறு யாருக்கும் வேண்டியதைவிட அவனுக்கு வேண்டும். போன வருஷம் ஐப்பசியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தபோது தம்பி ராஜவேலுவின் கையை அவன்தான் பிடித்திருந்தான். கை நழுவிவிட்டது. மூன்றாம் நாள் உடம்பு ஒதுங்கியது. அன்றிலிருந்து முழங்கால் தண்ணீரில் நின்றாலே மாரிக்குக் கால் வெடவெடவென்று ஆடும். வலை மூலையில் கிடந்தது. பெண்டாட்டி வேலம்மா ஊரார் இறாலை உரித்துக் கொண்டுவந்த காசில் அடுப்பு எரிந்தது. பாவம் பார்த்து யாரோ வாசலில் மீன் வைத்துவிட்டுப் போனார்கள். மாரி அதை வாரித் தெருவில் வீசினான். "எனக்கு இன்னா, கையில்லையா காலில்லையா? எவன்டா பிச்சை போடறவன்?" என்று கத்தினான். அதற்கப்புறம் அவன் வாசலில் யாரும் ஒரு நெத்திலிகூட வைக்கவில்லை.

தரையில் ஒரு வேலை, தண்ணீரையே பார்க்க வேண்டாத வேலை. அதற்காக மாரி திருட்டுத்தனம் செய்தான். சீட்டை எழுதியவன் குப்பன். பிறகு வீட்டுக்கு ஒருவராக வந்து குடத்துக்குள் கைவிட்டுக் கலக்க வேண்டும். மாரி கலக்கும்போது, பீடிக் கட்டுத் தாளில் தன் பெயரை எழுதி மடித்து விரலிடுக்கில் வைத்திருந்ததையும் உள்ளே விட்டுவிட்டான். அம்மனைப் பார்க்கவில்லை.

சீட்டை எடுத்தவள் கஸ்தூரியம்மாள். கோயில் வாசல் பெருக்குகிறவள், பாடு முறையில் பங்கில்லாதவள், ஆகையால் எல்லாருக்கும் பொது. தலைவர் பிரித்துப் படித்தார்: "மாரி!"

மிச்சச் சீட்டைப் பிரிக்கக் கூடாது, ஏரியில் கொட்டிவிட வேண்டும் என்பது முறை. குப்பன் குடத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடினான். வயிற்றெரிச்சல் என்று மாரி நினைத்தான். தினமும் சைக்கிளில் ஐஸ் பெட்டி கட்டிப் பொன்னேரி சந்தைக்கு மீன் கொண்டுபோகிறவன் குப்பன். நியாயமாக ஓடினால் அந்தப் பந்தயம் அவனுடையது.

இப்போது அந்தக் குப்பனே முள்ளுக்காட்டு ஓரமாகச் சைக்கிளை நிறுத்திவிட்டு, வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தான்.

"அடப்பாவி! உனக்கு ஓட்டவே தெரியாதா?"

"யாரும் கேக்கலியே," என்றான் மாரி. பொய்யில்லை. அவன் வளர்ந்தது மணல்திட்டில். அங்கே எங்கே போவதென்றாலும் படகுதான்.

"சீட்டுக் குலுக்கறதுக்கு முன்ன சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னாடா கேடு!" குப்பன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் ஊர் கூடியது. "திருப்பிக் குலுக்கிடலாமா?" என்று தலைவர் இழுத்தார். மாரிக்கு உயிர் போய் வந்தது.

"வுழுந்த சீட்டு வுழுந்ததுதான்!" என்று எகிறினான் குப்பன். "அம்மன் குடுத்தத மாத்துவீங்களா?"

இவ்வளவு நேர்மையானவனின் வேலையையா திருடினோம் என்று மாரிக்கு உறுத்தியது.

பந்தயத் தூரத்தைக் குறைக்கச் சொல்லலாம் என்று முடிவானது. மறுநாள் நாலு பேர் போய், ரோடு பூராப் பள்ளம், பாதி தூரம் போதும் என்று பெரியசாமியிடம் முறையிட்டார்கள். அவர் சிலிர்த்துப்போனார். "பந்தயத்துக்கு முன்னாடியே ரோட்டைப் பரிசோதிச்சிருக்கீங்களா? இதுதாங்க எதிர்காலம்!" என்று நாலு பேரையும் கட்டிக்கொண்டார். தூரம் குறையவில்லை. பேப்பர்காரர்களும், வீடியோ எடுக்க ஒரு ஜீப்பும், சென்னையிலிருந்து பெரிய மனிதர்களும் வருவதாக மட்டும் ஏற்பாடாகிவிட்டது.

அப்புறம் இரண்டு பக்கமும் ஆள் பிடித்து ஓடிப் பழக்கினார்கள். ஏழாம் நாள் மாரி தானாக ஓட்டினான். நேராக மட்டும் ஓட்டினான். திருப்பவும் வரவில்லை, நிறுத்தவும் வரவில்லை. ஆடாமல் நிற்க ரியாசுதீன் பாய் ஒரு வழி கண்டுபிடித்தார். பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டி, அதில் மணலை நிரப்பினார். சைக்கிள் ஆடவில்லை. நகரவும் இல்லை.

"பாதி மணலைக் கொட்டிடலாமா பாய்?"

"கொட்டுனா வுழுவ."

"கொட்டலன்னா?"

"பொங்கலுக்கு வந்து சேருவ."

ஜனவரி ஒன்று. பெரியசாமி கொடியசைத்தார். ஐஸ் பெட்டியுடன் மாரி முன்னால் போனான். பதினொரு பேர் பின்னால் போனார்கள். பாடு விழுந்தவனை யாரும் தாண்டவில்லை.

முதல் கிலோமீட்டரில் ஒரு தயிர்க்காரக் கிழவர் எல்லாரையும் தாண்டிப் போனார். இரண்டாவதில் ஒரு கன்றுக்குட்டி தாண்டியது. பின்னால் பஸ்ஸும் மீன் வண்டிகளும் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. மாரி விழுந்தால் பதினொரு பேரும் இறங்கி நின்றார்கள். பாலத்தில் மாரி இறங்கித் தள்ளினான், பதினொரு பேரும் இறங்கித் தள்ளினார்கள்.

ஜீப்பிலிருந்து பெரியசாமியின் ஒலிபெருக்கி அலறியது. "முந்துங்க! யாராவது முந்துங்கய்யா! உங்க காலுல விழறேன்!"

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேகமாகவே ஓட்டிப் பழகியவனுக்கு அத்தனை மெதுவாக ஓட்ட வராது. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் குப்பன் தடுமாறி மதகுக்குள் தலைகுப்புற விழுந்தான். மணிக்கட்டு மளுக்கென்றது. எலும்பு உடைந்த சத்தம் முன்னால் போகிற மாரிக்கே கேட்டது.

"குப்பா!"

"திரும்பாதடா! திரும்புனா வுழுந்துடுவ! போ, நாங்க பின்னாலதான் கீறோம்!"

தொங்குகிற கையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் குப்பன் மீண்டும் ஏறி மிதித்தான். மாரி அழுதுகொண்டே மிதித்தான். வியர்வையும் கண்ணீரும் சேர்ந்து ரோடே தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதைவிட அது ஒன்றும் மோசமில்லை.

நாலேகால் மணி நேரம் கழித்து டச்சுக் கல்லறை வந்தது. மாரிக்கு நிறுத்தத் தெரியாது. ரிப்பனை அறுத்துக்கொண்டு போய் வாசல் தூணில் மோதி, அங்கே கல்லில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டின் காலடியில் மணலோடு கவிழ்ந்தான். கை தட்டியவர் ரியாசுதீன் பாய் ஒருவர்தான். சென்னைப் பெரிய மனிதர்கள் எப்போதோ கிளம்பிவிட்டிருந்தார்கள்.

பெரியசாமி தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார். எலும்புக்கூட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அடுத்த வருஷம் கேரம் போர்டு வெச்சுக்கலாம்," என்றார். ஆனாலும் சொன்ன சொல் தவறாதவர். வேலைக் கடிதத்தை மாரி கையில் கொடுத்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் குப்பனுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் வலை இழுக்கக் கூடாது, சைக்கிள் மிதிக்கக் கூடாது. மறுநாள் மாரி போய்ப் பார்த்தபோது குப்பன் வழக்கம்போல வைதான். "எனக்கு வர வேண்டிய வேலைடா. போ, போய் ஒழுங்கா வேலையப் பாரு."

மாரியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. வேலைக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனான். கஸ்தூரியம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் கடிதத்தை வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"இன்னாடா இது? சைக்கிளும் இல்ல, சும்மாவே வுழற?"

"கஸ்தூரிக்கா, நான் பாவி. குடத்துக்குள்ள கையவுட்டப்போ என் பேர்ல இன்னொரு சீட்டு போட்டுட்டேன். இது எனக்கு வந்த வேலையில்ல. குப்பனுக்கே குடுத்துடு. ஊரக் கூட்டு. இன்னா தண்டமானாலும் கட்டறேன்."

கஸ்தூரியம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். அவனையே முறைத்துப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். கடிதத்தை எடுத்து, மண்ணைத் தட்டி, அவன் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"பன்னெண்டு சீட்டுலயும் உன் பேரத்தான்டா குப்பன் எழுதிப் போட்டான், ஏரியில கொட்டறப்ப எண்ணிப் பாத்துட்டு, பதிமூணாவது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அன்னிலேர்ந்து மண்டைய ஒடச்சிக்கினு கீறான்!"