போர்வைக்குள் ஒரு பழைய நைட்டி

போர்வை ஐயா வந்துவிட்டார், கண்ணுகளா! மண்டபத்தில் ஒரு நாற்காலி காலியில்லை. வாசலில் செருப்பு மலை. ஐயாவிடம் ஒரு கம்பளிப் போர்வை உண்டு. பேய் பிடித்த பிள்ளைமேல் அது பட்டால் பிள்ளை அலறுமாம். பிடிக்காத பிள்ளையும் நெளியத்தான் செய்யும். அது குட்டிப் பேயாம். ஐயா யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அந்தப் போர்வையால் அடிப்பிடித்த பாத்திரம் தேய்க்கலாம், அவ்வளவு மென்மை!

முன்வரிசையில் ஒரு தையல்காரி. மடியில் ஆறு வயது மகள். சட்டைக் காலரின் லேபிள் பட்டாலே நெருப்புப் பட்டதுபோல் துடிப்பாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவாள். அழைத்துப்போய்க் காட்டியபோது டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "தொடுறது, சத்தம், வெளிச்சம் எல்லாம் இவளுக்குப் பல மடங்காத் தெரியுதும்மா. கவனத்துலயும் சிக்கல் இருக்கலாம், அதையும் பார்ப்போம். பயிற்சி கொடுத்தா சமாளிக்கக் கத்துக்குவா."

நாத்தனார் சிரித்தாள். "சட்டை குத்துறதெல்லாம் ஒரு வியாதியா அண்ணி?"

லேபிள் குத்துவதை அவளால் நம்ப முடியவில்லை. கழுத்து வழியாகப் பேய் நுழைந்ததை நம்ப முடிந்தது!

போன வாரம் ஐயா போர்வையைப் போர்த்தினார். பிள்ளை அலறிய அலறலில் மைக்கே கீச்சிட்டது. உருவினார், அடங்கினாள். ஒரே கைதட்டல்.

"பெரிய பேய். அடுத்த வாரத்துலேர்ந்து இருபத்தொரு நாள் என் இடத்துல விடணும். தாய் வரக் கூடாது. தினம் மூணு வேளை போர்வை."

கணவன் தலையாட்டிவிட்டான். நாத்தனார் பிள்ளையின் துணிப்பையையே கட்டிவிட்டாள்.

தையல்காரி அழவில்லை. "ஐயா, போர்வை ஓரம் பிரிஞ்சிருக்கு. தச்சுக் கொண்டாறேன், கூலி வேணாம்."

கூலி வேண்டாம் என்றால் ஐயா எதைத்தான் மறுப்பார்?

இன்று அவளே மடித்துக் கொடுத்தாள். ஐயா கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே போர்த்தினார், போர்வையைப் பார்க்கவில்லை. பிள்ளை அலறவில்லை. கன்னத்தை அதில் தேய்த்து, ஒரு கொட்டாவி விட்டாள்.

ஐயா திகைத்தார். ஒரே நொடிதான், தொழில்காரர் அல்லவா? "பார்த்தீங்களா! கம்பளி உடம்புல பட்டதும் பேய் ஓடிப்போச்சு!"

கைதட்டல் வெடிக்குமுன் தையல்காரி மகளின் காதைப் பொத்தினாள். அது அடங்கியதும் கேட்டாள்: "கம்பளி எங்கய்யா பட்டுச்சு?"

போர்வையைப் புரட்டினாள். உள்பக்கம் முழுக்க வெளுத்த பூப்போட்ட துணி.

"இவ தினமும் கட்டிப்பிடிச்சுத் தூங்குற என் பழைய நைட்டி. உள்ள வச்சுத் தச்சுட்டேன். உங்க பேய் நைட்டியைப் பார்த்தா ஓடுச்சு?"

"அது... கம்பளியோட சக்தி துணியைத் தாண்டும்மா!"

"அப்ப அந்தப் பட்டுச் சட்டையைக் கழட்டிட்டு, கம்பளிப் பக்கத்தை நீங்க போர்த்துங்க. உங்களுக்குத்தான் பேயே கிடையாதே?"

"போர்த்துங்கய்யா!" என்றது கூட்டம். வேறு வழி? போர்த்தினார். ஐம்பது எண்ணுவதற்குள் முதுகைத் தூணில் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஐயாவுக்குள்ள ஒரு குடும்பமே குடியிருக்கும் போல!" என்றார் பின்வரிசை லாரி டிரைவர்.

நாத்தனார் சிரிக்கவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த பிள்ளையின் பையை அவிழ்த்து ஒரு சட்டையை எடுத்தாள். காலரை விரலால் தடவிப் பார்த்தாள். "அண்ணி, கத்தரிக்கோல் இருக்கா?"

பிள்ளை அழுதால் பேய் தேடும் பெரியோர்களே, முதலில் காலரைத் திருப்பிப் பாருங்கள். அப்புறம் டாக்டரைப் பாருங்கள். நடுவில் உங்கள் மூளையையும் கொஞ்சம் வெளியே எடுங்கள். பாவம், வாங்கிய நாளிலிருந்து லேபிள்கூடப் பிரிக்காமல் கிடக்கிறது!