நாற்காலி மாமாவும் ஜோடிச் சீட்டும்

உலகத்திலேயே உட்கார்ந்து சீட்டாடி முழங்கால் தேய்ந்த ஒரே மனிதர் எங்கள் செம்பூர் நாற்காலி மாமாதான்.

ஞாயிறு மத்தியானம் எங்கள் குடியிருப்புச் சொசைட்டி ஆபீஸ் அறையில் போக்கர் நடக்கும். பணம் கிடையாது, சட்டைப் பித்தான்கள்தான். பித்தான் தீர்ந்தவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். கடைசியாகப் பேசும், அதாவது பந்தயம் சொல்லும், முறை ஆட்டத்துக்கு ஆட்டம் அடுத்தவருக்கு நகரும். மாமாவுக்கோ எப்போதும் கடைசியில்தான் பேச வேண்டும். அதனால் முறை நகர நகர, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரும் மேசையைச் சுற்றி நகர்வார்.

“மாமா, இது போக்கரா, மியூசிகல் சேரா?” என்பார் செக்ரட்டரி சுந்தரம்.

“சும்மா இருடா! நீங்கள்ளாம் பேசினப்புறம்தான் நான் பேசுவேன்.”

மேசையில் பொதுவாக விரிக்கும் ஐந்து சீட்டில் ஒரே எண் இரண்டு விழுந்தால் மாமாவுக்கு அருள் வந்துவிடும். ஐந்தாவது சீட்டும் விழுந்து, நாங்கள் எல்லோரும் பந்தயம் கட்டாமல் “செக்” என்று பதுங்கியதும், தன் பித்தான்கள் அத்தனையையும் நடுவில் தள்ளுவார். அதே எண்ணில் மூன்றாவது அவர் கைச்சீட்டில் இருக்குமோ என்று பயந்து நாங்கள் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவோம். இருந்ததா என்று ஒருநாளும் காட்டியதில்லை.

“ஜோடி விழுந்தா எல்லாருக்கும் உதறும். யாருக்கு எவ்வளவு உதறல்னு கடைசியா பேசறவனுக்குத்தான் தெரியும்.”

மாமி இறந்தபின் அவர் தனியாள். கீழ் வீட்டில் நானும் அப்படித்தான். வெளியே கிளம்பும்போது அவர் டி.வி.யை அணைக்க மாட்டார்.

“திரும்பி வரச்சே ஆள் பேசற சத்தம் கேக்கணும்டா செல்வம்” என்பார். மராட்டி சேனலானாலும் பரவாயில்லையாம்.

ஒரு ஞாயிறு, மேசையில் இரண்டு ஒன்பது, ஒரு ராஜா. என் கையில் இன்னொரு ஒன்பது, இன்னொரு ராஜா. அதை வெல்வது லேசில்லை. என்னைப் போல வெட்கப்படுகிறவன் முகம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால் கையில் இருப்பது யாருக்கும் தெரியவில்லை. நானும் “செக்” என்றேன். மாமா வழக்கம்போல் எல்லாவற்றையும் தள்ளினார். மற்றவர்கள் கவிழ்த்தார்கள். நான் மட்டும் மிச்சம்.

“விடாதடா செல்வம்! அரே, இன்னிக்கு மாமாவை நாலு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்!” என்றார் சுந்தரம்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரிக்கப் பார்த்தார். உதடு மட்டும்தான் அசைந்தது.

“பயமா இருக்கு மாமா” என்று சீட்டைக் கவிழ்த்தேன்.

“பயந்தாங்கொள்ளி! உனக்கெல்லாம் எதுக்குடா சீட்டு?” மேசை அதிர அடித்துச் சிரித்தார். விளக்குப் போடும்வரை அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மாமா போய்ச் சேர்ந்தபின் ஆட்டமும் நின்றுவிட்டது. ஞாயிறு மத்தியானங்களில், யாராவது என்னை அப்படித் திட்டினால் தேவலை என்றிருக்கிறது.