மாக்னத்துக்கு ஏற்ற மருந்து

ஒஸ்லோ மாநகரில் வெடிமருந்தைப் பற்றி வாய் திறக்கத் தகுதியுள்ள தமிழன் தான் ஒருவனே என்று கிளெமென்ற் அறிவித்திருந்தார். அதை மறுப்பதற்கு வேண்டிய தகுதி வேறு எந்தத் தமிழனுக்கும் இல்லாதபடியால் அந்த அறிவிப்பு நிலைத்து நின்றது. சோதிலிங்கம் என்றொருவரும் போட்டிகளில் சுடுகிறவர்தான். ஆனால் அவர் இருந்தது பேர்கனில். பேர்கன் வேறு ஊர்.

2005 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மோர்டென்ஸ்ருட்டில் இருந்த தன் வீட்டின் குளியலறையைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு, கிளெமென்ற் அந்த வேறு ஊரோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"மாக்னத்துக்கு எந்த மருந்து போடலாம் எண்டு சொல்லும், சோதி. கெதியா எரியிறதோ, ஆறுதலா எரியிறதோ?"

"குண்டு கடையிலை வாங்கினதோ, நீர் வார்த்ததோ?"

"நான் வார்த்ததுதான். ரயர்க் கடையிலை சில்லுக்கு வைக்கிற ஈயத்தை வாங்கி உருக்கினனான்."

"அப்ப கெதியா எரியிறதிலை கொஞ்சமாப் போடும். வார்த்த ஈயத்துக்கு அது காணும். மற்றதெண்டால் தோட்டாக் கோதை நிரப்பவேணும். திருப்பி அடிக்கிற அடி பொல்லாத அடி. துவக்குக் குழாயிலை ஈயமும் படியும்."

"கொஞ்சமாப் போடுறதுக்கோ நான் மாக்னம் ரிவோல்வர் வாங்கினனான்?" கிளெமென்றின் குரல் தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி எழுந்தது. "எங்கடை துவக்குக் கிளப்பிலை குன்வோர் எண்டொரு கிழவி அப்பிடித்தான் போடுறா. பெரிய பானையிலை ஒரு பிடி அரிசி. சுட்டால் பூனை தும்மின மாதிரிக் கிடக்கு. போட்ட பிறகு ஒவ்வொரு கோதுக்குள்ளையும் ரோர்ச் அடிச்சுப் பாக்கிறா, டொக்டர் தொண்டை பாக்கிற மாதிரி!"

"அவ ஏன் பாக்கிறா எண்டால், ஒரே கோதிலை மருந்து ரெண்டு தரம் விழுந்தால் துவக்கே வெடிச்சு..."

"எனக்குப் படிப்பியாதையும்."

குன்வோர் அறுபத்தெட்டு வயதான ஓய்வுபெற்ற நூலகர். கிளப்பின் செயலாளரும் அவரே. பூனை தும்மிய குண்டுகள் எல்லாம் இலக்கின் நடுவிலேயே போய் விழுந்தன என்பதைக் கிளெமென்ற் ஒருபோதும் மறுத்ததில்லை. அதைப் பற்றிக் கதைத்ததும் இல்லை.

கிளப்பின் மாக்னம் அணியில் ஐந்தாவது இடம் காலியாக இருந்தது. அடுத்த ஞாயிறு விட்டு மற்ற ஞாயிறு அதற்கான தெரிவுப் போட்டி. அதற்குள் மருந்தைத் தெரிவுசெய்தாக வேண்டும். அதைவிட முக்கியம், அதுவரைக்கும் வீட்டில் விஷயம் தெரியக்கூடாது. போன வருடம் பனியில் சறுக்கி, ரீபான என்ற சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்து, ஆறு கிழமை ட்ராம் ஓட்டாமல் வீட்டில் கிடந்தவர் அவர். மனைவி மரியரஞ்சனி அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார்: "அந்தச் சின்னத் துவக்கோடை நிப்பாட்டுங்கோ. பெரிசா ஒண்டு இந்த வீட்டுக்கை வந்தால் நீங்கள் வெளியிலை."

பெரிசாக ஒன்று பெப்ரவரியிலேயே வந்துவிட்டது. சின்னத் துவக்கின் இரும்புப் பெட்டிக்குள், அதற்குப் பின்னால், ஒரு துவாய்க்குள் படுத்திருந்தது.

குளியலறைக் கதவு தட்டப்பட்டது.

"இஞ்சேருங்கோ, ஆரோடை மருந்தைப் பற்றிக் கதைக்கிறியள்?"

கிளெமென்ற் போனை வைத்தார், தண்ணீரை மூடினார், கதவைத் திறந்தார். அவசியமில்லாமல் கை துடைத்தார்.

"ஒண்டுமில்லை ரஞ்சி."

"மாக் எண்டு ஏதோ கேட்டுது." மரியரஞ்சனி அவரை மேலும் கீழும் பார்த்தார். "மாகனோ?"

மாகன் என்றால் நோர்வேஜிய மொழியில் வயிறு. இருபது வருடமாகக் கிளெமென்ற் அந்த மொழியோடு மல்லுக்கட்டி வந்தவர். அது அவருக்கு ஓர் உதவி செய்தது இதுவே முதல் தடவை.

"ஓம். மாகன்தான்."

"எரியுதோ?"

"எரியுது."

"கெதியா எரியுதோ, ஆறுதலா எரியுதோ?"

"அதுதான் இன்னும் முடிவெடுக்கேல்லை" என்றார் கிளெமென்ற்.

அன்றைய சாப்பாடு கஞ்சி. புதன்கிழமை கஞ்சி. வியாழக்கிழமை மகள் ஜூலியாவுக்கு இறால் குழம்பு, கிளெமென்றுக்குக் கஞ்சி. வெள்ளிக்கிழமை காலையில் அவர் மேசையில் உட்காரும்போதே சிரித்த முகத்தோடு உட்கார்ந்தார்.

"எனக்குச் சுகமாகிட்டுது ரஞ்சி. முழுக்க."

"நல்லது. அப்ப டொக்டரிட்டை ஒருக்காப் போவம். கமராவோடை ஒரு குழாய் விட்டுப் பாத்துச் சொல்லுவினம்."

"எங்கை விட்டு?"

"வாயிலைதான். வயித்துக்குப் போக வேறை என்ன வழி? இருக்கு, ஆனால் அது டொக்டரின்ரை விருப்பம்."

கிளெமென்றுக்கு உடனடியாக நோய் திரும்பியது.

அன்று பின்னேரம் அவர் துவக்குக் கடைக்குப் போய் ஆறுதலாக எரியும் மருந்தில் ஒரு டப்பா வாங்கினார். கிளப்புக்குக் கொண்டுபோகும் வரை பைக்குள் இருக்கட்டும் என்று, பெயர் இருந்த முன்பக்கக் காகிதத்தை மட்டும் உரித்தெறிந்தார். பின்பக்கத்தை உரிக்க மறந்துபோனார். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ எடுத்த மரியரஞ்சனியின் கையில் டப்பாவும் சேர்ந்து வந்தது.

"உது என்ன?"

"மருந்து" என்றார் கிளெமென்ற். அந்த வீட்டில் அந்தக் கிழமை அவர் பேசிய ஒரே உண்மை அது.

"மாகனுக்கோ?"

"ஓம்."

"எத்தினை கரண்டி?"

"கரண்டியாலை போடேலாது. நிறுத்துத்தான் போடவேணும்."

மரியரஞ்சனி பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டு வாசித்தார். "நெருப்புக்குக் கிட்ட வைக்கக்கூடாதெண்டு போட்டிருக்கு."

"வயித்தெரிவுக்காரருக்கு அப்பிடித்தான் போடுவினம்."

"சுடுதண்ணியிலை கரைச்சுத் தரட்டோ?"

"வேண்டாம்!" கிளெமென்ற் டப்பாவைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இதை வேலைத்தலத்திலைதான் எடுக்கவேணும். வெறு வயித்திலை."

"அப்ப ரொட்டியும் கட்டித் தரேல்லை" என்றார் மரியரஞ்சனி.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில், உலக சமாதானத்துக்கும் மழைக்கும் அடுத்தபடியாகக் கிளெமென்றின் வயிற்றுக்காகவும் மன்றாடினார்கள். சபை முழுவதும் ஒரே குரலில், ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. கிளெமென்றும் சொன்னார். சொல்லாமல் இருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

பூசை முடிந்ததும் மேரியம்மா ஒரு பிளாஸ்கோடு வந்தார். "தம்பி, கஞ்சி. என்ரை அவருக்கும் இதே வருத்தம்தான். ஒரு மாதம் இதைத்தான் குடுத்தனான்."

"சுகமாகிட்டாரோ அக்கா?"

"இல்லைத் தம்பி. போய்ச் சேர்ந்திட்டார்."

திங்கட்கிழமைக்குள் வீட்டில் நாலு பிளாஸ்க் சேர்ந்தது. கண்ணில் பட்ட தமிழரெல்லாம் அவர் தோளைத் தொட்டு, "பயப்பிடாதையுங்கோ" என்றார்கள். பயப்படாமலிருந்த மனிதருக்கு அதன் பிறகுதான் மெல்லப் பயம் பிடித்தது. இடுப்புப் பட்டியில் புதிதாக ஒரு ஓட்டை போடவேண்டி வந்தது. ஜூலியா அவரைப் பார்த்து, "அப்பா, நீங்கள் சீரியஸாகவே சீக்கோ?" என்று கேட்டாள். கேள்வி கேட்ட பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனது. ஒரு கணம் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமோ என்று இரும்புப் பெட்டிப் பக்கம் திரும்பினார். அணியின் ஐந்தாவது இடம் நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து கஞ்சியைக் குடித்தார்.

புதன்கிழமை, வேலை முடிந்த கையோடு, கிளப்பின் மேசையில் கோதுகளை அடுக்கி, புத்தகத்தில் சொன்னபடி ஆறுதலாக எரியும் மருந்தை நிறைய நிரப்பி, தான் வார்த்த ஈயக் குண்டுகளைப் பொருத்தினார். ரோர்ச் அடிக்கவில்லை. ஆறு தோட்டாக்களோடு காட்டோரத்துச் சுடுதிடலில் போய் நின்றார்.

முதல் வெடிக்கு மரத்திலிருந்த காகங்கள் ஊர் மாறின. ரிவோல்வர் எழும்பி அவருடைய தொப்பியைத் தட்டிவிட்டது. இரண்டாவது வெடிக்கு மணிக்கட்டுக்குள் பழைய முறிவு கண் விழித்தது. மூன்றாவது குண்டு எங்கே போனது என்பது இன்றுவரை தெரியாது. நாலாவதைச் சுடப் பார்த்தபோது கை எழும்பவில்லை. எட்டு நாள் கஞ்சியில் நின்ற கை அது.

பக்கத்துத் தடத்தில் குன்வோர் ஐந்து தரம் தும்மினார். ஐந்தும் நடுவில். காதுக் கவசத்தைக் கழற்றிவிட்டுக் கிளெமென்றைப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"மாகன்" என்றார் கிளெமென்ற், பழக்கத்தில்.

"கேள்விப்பட்டேன்" என்றார் குன்வோர்.

தமிழ்ப் பூசையின் மன்றாட்டு இவ்வளவு தூரம் எட்டியிருக்கிறதே என்று கிளெமென்ற் வியந்தார். குழாயைத் துப்புரவாக்க அன்று ஒரு மணித்தியாலம் எடுத்தது. கம்பியின் நுனியில் ஈயம் சுருள் சுருளாக வந்தது. அதற்குள் கை வீங்கியிருந்தது. வீட்டில் கேட்டதற்கு ட்ராம் கதவு இடித்தது என்றார். மரியரஞ்சனி எண்ணெய் பூசி, துணி சுற்றி, கஞ்சி ஊற்றினார்.

சனிக்கிழமை மத்தியானம் கிளப்பில் எவரும் இல்லாத நேரம் பார்த்துக் கிளெமென்ற் போனார். ஆறுதலாக எரியும் டப்பாவைத் தூர வைத்தார். வரும் வழியில் வாங்கிய இன்னொரு டப்பாவை, கெதியாக எரிவதை, பைக்குள்ளிருந்து எடுத்தார். தராசில் வைத்துக் கொஞ்சமாக நிறுத்தார். பெரிய பானைக்குள் ஒரு பிடி அரிசி போலத்தான் கிடந்தது. யன்னலுக்கு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ரோர்ச்சை எடுத்து, முதலாவது கோதுக்குள் அடித்து, குனிந்து பார்த்தார். இரண்டாவதுக்குள் பார்த்தார். அறுபது கோதுக்குள்ளும் பார்த்தார்.

ஞாயிறு அவர் சுட்டபோது காகங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. கை வலிக்கவில்லை. அந்த மெலிந்த சத்தத்தைக் கேட்டு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடுவைத் தேடிப் போயின. அணியின் ஐந்தாவது இடம் கிளெமென்றுக்கு.

குன்வோர் பட்டியலில் அவருடைய பெயரை எழுதிக்கொண்டிருந்தார். கிளெமென்ற் மேசைக்குப் பக்கத்தில் தயங்கி நின்றார். இப்படி ஒரு சந்தோஷத்தைத் தனியாகச் சுமக்க முடியவில்லை.

"ஒரு சிக்கல் இருக்கிறது" என்றார். "எனக்கு வயிற்றில் ஒன்றுமே இல்லை. இந்த ரிவோல்வர் வீட்டில் இருப்பது மனைவிக்குத் தெரியாது. இன்றைக்குச் சொல்லத்தான் வேண்டும். எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை."

குன்வோர் பேனையை மூடினார்.

"இந்த ரிவோல்வருக்காக வீட்டுக்கு வந்த பொலிஸ் அனுமதிக் கடிதத்தைப் பிரித்த நாளிலிருந்தே உன் மனைவிக்கு எல்லாம் தெரியும், கிளெமென்ற், நீ நிறைய மருந்தைக் கைவிட்டுக் கொஞ்ச மருந்துக்கு வர எத்தனை நாள் கஞ்சி கொடுக்கவேண்டும் என்று என்னிடம்தான் கேட்டாள்."