நான்கு நொடி அமைதி

"மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்" என்று அவர் மைக்கில் சொல்லிவிட்டு நான்கு நொடி காத்திருந்தார். பிறகு, "இப்போது மெதுவாக வெளியே விடுங்கள்" என்று முடித்தார்.

பதிவை ஓடவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டார். அந்த நான்கு நொடியில் மறுபடியும் அதே சத்தம். எங்கேயோ பூட்டிய அறைக்குள் மோட்டார் ஓடுவது போல, ம்ம்ம்ம் என்று. காலையிலிருந்து இது ஏழாவது தடவை.

இருபத்திரண்டு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர் அவர். அந்த நாற்காலியில் ஒரு இயந்திரத்தை உட்கார வைத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பி எட்டு மாதம் ஆகிறது. வீட்டின் சாமான் அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, லேப்டாப்பும் மைக்குமாக ஒரு ஸ்டுடியோ அமைத்திருந்தார். அதற்கு வந்த முதல் வேலை இது. மனப் பதற்றத்தைப் போக்கும் பயிற்சிக்குக் குரல் கொடுக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும். "சுத்தமான அமைதி முக்கியம் சார்" என்று அந்த நிறுவனத்துப் பெண் மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

கல்லூரிக்குப் போகும் மகளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்.

"ஆமாப்பா, இருக்கு. ஃபிரிட்ஜா இருக்குமோ?"

ஃபிரிட்ஜை நிறுத்தினார். மறுபடி பேசிப் பதிவு செய்தார். சத்தம் இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, இங்க தரையெல்லாம் தண்ணி. வாரம் முழுக்கத் தேவைப்படுமேன்னு ஆக்கி ஃப்ரீசர்ல வச்சதெல்லாம் உருகி ஓடுது."

"கொஞ்சம் பொறுத்துக்கயேன். பதிவு முடியட்டும்."

"நான் பொறுத்துக்குவேன். பால் பொறுத்துக்குமா?"

அடுத்த சந்தேகம் லேப்டாப்பின் மேல் விழுந்தது. உள்ளே சுற்றும் சின்ன விசிறிதான் உறுமுகிறது என்று முடிவு செய்து, சுவரிலிருந்து ஒரு போர்வையை உருவி அதன் மேல் போர்த்தினார். போர்வைக்குள் வெந்துபோன லேப்டாப் பத்தாவது நிமிடம் விமானம் கிளம்புவது போலச் சத்தம் போட்டுவிட்டு அணைந்துபோனது. கடைசியாகப் பேசிச் சேமிக்காமல் வைத்திருந்த இரண்டு பயிற்சிப் பாடங்களும் அதோடு போயின.

மணி ஒன்றரை.

சாப்பிட வரச்சொன்ன மனைவியிடம் "அப்புறம்" என்றுவிட்டு, நீளமான கேபிள் ஒன்றைத் தேடி எடுத்து, லேப்டாப்பைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். மைக் அறைக்குள், லேப்டாப் வெளியே. பொத்தானை அமுக்க ஆள் வேண்டும். அவர்களோடு இருக்கும் மாமனார் மட்டும்தான் சும்மா இருந்தார்.

"நான் கதவைத் தட்டினதும் இந்தப் பொத்தானை அமுக்கிடுங்க மாமா. வேற எதையும் தொட வேண்டாம்."

"அது என்ன சத்தம், நானும் கொஞ்சம் கேட்டுப் பாக்கறேனே?"

"நேரமில்ல மாமா."

நாற்பது வருடம் ஆலையில் ஃபிட்டராக இருந்து, மோட்டார்களின் வயிற்றில் காது வைத்தே நோய் சொன்னவர் மாமனார். கேட்கக்கூட விடவில்லையே என்ற வருத்தத்தோடு பொத்தானுக்கு எதிரே உட்கார்ந்தார்.

இப்போது பதிவில் ம்ம்ம்ம் இருந்தது. அதோடு, டிவி வயரை ஒட்டிக் கிடந்த நீளக் கேபிள் புதிதாக ஒரு சடசடப்பையும் சேர்த்துக் கொடுத்தது.

"உங்கள் மனதில் எந்தக் கவலையும் இல்லை" என்று சொன்ன தன் குரல் தனக்கே நடுங்கிக் கேட்டது. இதுவும் போனால் பிறகு யார் கூப்பிடுவார்கள்? மனைவி தன் அலுவலகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். "எங்க வீட்டுக்காரர் இப்ப சொந்தமா ஸ்டுடியோ வச்சிருக்காரு" என்று அவள் போனில் யாரிடமோ சொன்னது காதிலேயே நின்றது.

மூன்றே முக்காலுக்கு, லேப்டாப்பை மறுபடி அறைக்குள் கொண்டுவந்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.

"அப்பா, எனக்கு ஆன்லைன்ல பரீட்சை ஓடிட்டிருக்கு" என்று அலறிக்கொண்டு வந்தாள் மகள். "இன்னும் ஆறு கேள்வி இருந்துச்சு."

"அஞ்சே நிமிஷம்மா."

கதவைச் சாத்திப் பதிவு செய்தார். கேட்டார். வீட்டில் பொட்டு மின்சாரம் இல்லை. சத்தம் இருந்தது. முன்னைவிடப் பலமாக இருந்தது.

சுவரில் காது வைத்துப் பார்த்தார். தரையில் படுத்து வைத்துப் பார்த்தார். மனைவி வந்து வாசலில் நின்று, தரையில் கிடந்தவரைப் பார்த்துவிட்டு, போய் மெயினைப் போட்டாள். ஃபிரிட்ஜையும் போட்டாள். மகளின் அறையில் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

நாலே காலுக்குப் போன் அடித்தது. அந்த நிறுவனத்துப் பெண்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பக்கம் வேலை இன்னும் முடியல. உங்க குரல் அடுத்த மாசம் வந்தா போதும். மெதுவா, நிதானமா பண்ணுங்க."

"சரிம்மா" என்றார். போனை வைத்துவிட்டுத் தரையிலிருந்து எழுந்தார். அன்றைக்கு முதல் தடவையாகப் பசித்தது. மனைவி கொடுத்த சாப்பாட்டை முழுவதும் சாப்பிட்டார். மகளின் ஆசிரியருக்குப் போன் செய்து, தப்பு தன்னுடையது என்று சொல்லி, மறுநாள் எழுத அனுமதி வாங்கினார்.

பிறகு, பழக்கத்தில் எழுந்து வந்து, மைக் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார், நான்கு நொடி விட்டார், வெளியே விடச் சொன்னார்.

ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டார். மறுபடியும் கேட்டார். மகளிடம் கொடுத்தார்.

"ஒண்ணுமே இல்லையேப்பா. துடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

"ஃபிரிட்ஜ் ஓடுது. ஃபேன் ஓடுது. சார்ஜர் செருகியிருக்கு" என்று விரல் மடக்கினார். "எதையுமே சரி பண்ணல. அப்புறம் எப்படிப் போச்சு?"

மாமனார் மெல்ல உள்ளே வந்தார். "காலையில பண்ணினதை எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டும்மா" என்று பேத்தியிடம் சொல்லி, ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடி முழுவதும் கேட்டார். கழற்றி வைத்தார்.

"மாப்ள, இவ பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல உங்க பக்கத்துல விடிய விடிய உக்காந்து இதே சத்தத்தைக் கேட்டேன், ஏசி கோளாறுன்னு நர்ஸம்மாகிட்ட ரெண்டு தடவை சண்டைகூடப் போட்டேன், அப்புறந்தான் தெரிஞ்சுது, அது உங்க மூக்குலேர்ந்து வருதுன்னு."