சதுப்பில் நான் கட்டிய பரண்

"இந்தச் சதுப்புக்கே நான் தண்ணி காட்டறேன், பாரு!" என்றேன்.

"அதுகிட்டயே வேண்டிய மட்டும் இருக்கு. நீங்க வேற எதுக்கு?" என்றாள் என் மனைவி மஸ்னியா.

மீன்கூடு எடுக்க வந்த இடத்தில் தண்ணீருக்கடியில் கிடந்த மரக்கட்டை ஒன்று இடித்து எங்கள் படகு ஓட்டையாகிவிட்டது. எங்கள் கலிமந்தான் தீவுக் காட்டு மழை கருத்துக்கொண்டு வருகிறது. ஊர்க்காரர்கள் தேடி வரக் காலையாகும். இடுப்பளவு தண்ணீரில் அதுவரை நின்றால் குளிரே ஆளை முடித்துவிடும்.

ஆனால் நான் யார்? காட்டுத்தீ அணைப்பவர்களுக்கான முகாமில் மூன்று நாள் பயிற்சி பெற்றவன். அதில் இரண்டு நாள் தூங்கினேன் என்பது வேறு விஷயம்.

"இந்த நாலு மரத்துக்கு நடுவுல பரண் கட்டறேன். நீ வேடிக்கை பாரு."

"என்னங்க, அது போன வருஷத் தீயில கருகினது. வேர் செத்துப்போச்சு."

"முகாமுக்குப் போனது நீயா, நானா?"

"நீங்கதான். நான் எங்க போனேன்? எங்கப்பாகூட இந்தத் தண்ணியிலேயே கிடந்தேன்."

கழி வெட்டினேன். கட்டினேன். ஏறி உட்கார்ந்தேன். ராஜா மாதிரி இருந்தது. ராஜ்ஜியம் ஐந்து நொடி நீடித்தது. நான்கு மரமும் கலந்து பேசி முடிவெடுத்ததுபோல் ஒரே பக்கம் சாய்ந்தன. மூக்கெல்லாம் சேறு.

எழுந்து பார்த்தால், நான் கட்டிக்கொண்டிருந்த நேரத்திலேயே மஸ்னியா பச்சை மரங்களுக்கு நடுவே கழிகளை இறுக்கிக் கட்டி, கோரையைப் பரப்பி, படகுத் தார்ப்பாயைக் கூரையாக இழுத்துவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"சேத்தைக் கழுவிட்டு ஏறுங்க."

மழை கொட்டியது. நடுங்கிய என்மேல் தன் சால்வையைப் போர்த்தினாள். ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

காலையில் அவள் அண்ணன் ஹம்தானி ஆட்களோடு வந்தான். பரணைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"யாரு கட்டினது?"

"உன் மாப்பிள்ளைதான்!" என்றாள் மஸ்னியா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

என் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

"அப்போ மாப்ளே, மீன் பிடிக்கப் போறவங்க ஒதுங்கறதுக்கு இதே மாதிரி பத்து கட்டிக் கொடுத்துடுங்க!"

எல்லோரும் கைதட்டினார்கள். விரிந்த மார்பு உள்ளே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் கெஞ்சினேன். "மஸ்னியா, பரண்ல கழியைக் கட்டினியே, அந்த முடிச்சை மட்டும் சொல்லிக் கொடேன்."

"தாராளமா. ஆனா முதல்ல கைக்குப் பிடிமானம் வரணும். அந்தச் சட்டி பானையெல்லாம் தேய்ங்க."

மூன்று வாரமாகப் படிக்கிறேன். சட்டியைத் தாண்டி இன்னும் கயிற்றுக்கு வரவில்லை.