தெப்பக்குளத்தில் நேராகத் தெரிந்த மண்டபம்

“மதினி, எதையோ போட்டுட்டு அழிச்சிட்டீங்களே, என்னது?”

நாத்தனார் முத்துமீனா கேட்டதும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருந்த அத்தனை பேரும் அதையே கேட்டார்கள். தமிழ்வாணி போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் போட்டது பொய். அவளே உட்கார்ந்து கட்டிய பொய்.

மேலூரில் கம்ப்யூட்டர் டீச்சரான அவள், ‘புதிய ஊடகமும் சமூகமும்’ என்று தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. படிக்கிறாள். வதந்தி எப்படிப் பரவுகிறது என்று ஆராயப் போவதாகச் சொன்னதற்கு, கைடு சீதாராமன் சார் ஆன்லைன் வகுப்பில் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார்.

“இந்தக் காலத்துல ஃபார்வர்டை எல்லாம் யாரும்மா நம்பறா? திங்கட்கிழமைக்குள்ள ஆதாரம் காட்டு. இல்லேன்னா உனக்குப் புராஜெக்ட் கிடையாது.”

புராஜெக்ட் இல்லையென்றால் எம்.ஏ.வும் இல்லை. அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துப் பாடம் கேட்டதெல்லாம் வீண்.

அதனால்தான் போட்டாள்: ‘ஞாயிறு சூரிய உதயத்தில் வண்டியூர் தெப்பக்குளத்தின் நடு மண்டபம், தண்ணீரில் தலைகீழாகத் தெரியாமல் நேராகத் தெரியும்!’ கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்துவிட்டு அழித்தாள். ஆனால் கொழுந்தன் பாண்டிராஜ் அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தான். அந்த மகராசன் அதை எல்லா குரூப்பிலும் போட்டுவிட்டான்.

“அது பொய்ப்பா, யாரும் நம்பாதீங்க” என்று எழுதினாள்.

“மதினிய யாரோ மெரட்டிருக்காய்ங்க” என்றான் பாண்டிராஜ். “மறைக்கிறாங்கன்னா விசயம் பெருசு!”

சரி, அறிவியல்படி விளக்கிவிடலாம் என்று குரலிலேயே பேசி அனுப்பினாள். ‘எம்.ஏ. படிக்கும் பெண்ணே வியந்து பேசுகிறார்’ என்ற தலைப்போடு அது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டையே ஒரு சுற்று சுற்றியது.

சனிக்கிழமை, முன்பின் தெரியாத நம்பரிலிருந்து அவளுடைய பொய் அவளுக்கே வந்து சேர்ந்தது. வால் வேறு முளைத்திருந்தது: ‘பதினோரு பேருக்கு அனுப்பினால் நினைத்தது நடக்கும்.’

“வாணி, காலையில வெள்ளனே கெளம்பிருவோமா?” என்றான் கணவன் மருது.

“ஏங்க, அதக் கட்டிவிட்டதே நான்தாங்க!”

“அதுக்கென்ன? ஒருவேள தெரிஞ்சுட்டா?”

ஞாயிறு காலை தெப்பக்குளத்தைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஆத்தாடி, எம்புட்டு ஜனம்! கரை நெடுக ஆட்கள். அவள் விரல் தட்டிய ஒரு வரிக்கு இத்தனை பேரா? பயத்தையும் மீறி உடம்பு சிலிர்த்தது.

சூரியன் எழுந்தது. தண்ணீர் முழுக்கப் பொன்னிறம். நடுவில் மண்டபம் ஒன்றுக்கு இரண்டாக அசையாமல் நின்றது. தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆனாலும் யாரும் ஏமாந்த மாதிரி முணுமுணுக்கவில்லை. இந்தக் கரை வழியாக எத்தனை வருஷம் பஸ்ஸில் போயிருக்கிறாள்! ஒரு நாளாவது நின்று பார்த்ததுண்டா?

திடீரென்று முத்துமீனாவின் குரல் கேட்டது. “குனிஞ்சு காலுக்கு நடுவுல பாருங்க மதினி! நேராத் தெரியுது!”

அவ்வளவுதான். கரை மொத்தமும் தண்ணீருக்கு முதுகு காட்டிக் குனிந்தது. தமிழ்வாணியும் குனிந்தாள். அட, தண்ணீருக்குள் மண்டபம் நேராகத்தான் நின்றது!

பக்கத்தில் முண்டாசு கட்டிய ஒரு முகம் தலைகீழாகத் தொங்கியது. எங்கேயோ பார்த்த முகம்.

“சார்!”

சீதாராமன் சார் விருட்டென்று நிமிர்ந்தார்.

“நா... நான் கள ஆய்வுக்கு வந்தேன். உன் தலைப்பு சரிதாம்மா, எடுத்துக்கோ. ஆனா இதை எவனோ பொறுப்பில்லாம கிளப்பியிருக்கான். நம்ம மாணவர்கள்ல எவனாவதா இருந்தா, பேரையே அடிச்சுடுவேன்!”

மறைத்துப் பட்டம் வாங்குவதா? சொல்லிவிடுவது என்று தமிழ்வாணி வாயைத் திறந்தாள்.

அதற்குள் சாரின் மனைவி பாலாம்பாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார்.

“நீ இவரோட ஸ்டூடண்ட்டாம்மா? இந்த ஃபார்வர்டைத் தன் போன்லேர்ந்து அனுப்பினா மரியாதை போயிடும்னு, நேத்து என் போன்லேர்ந்துன்னா அனுப்பினார்! பத்துப் பேர்தான் தேறித்து, பதினொண்ணாவதா ஸ்டூடண்ட் பொண்ணு ஒருத்திக்கும் தட்டிவிட்டாரே, அது நீதானோ?”